நாயோடு கடற்பாறை உச்சியில் தங்க எந்தக் குடில் ஏற்றது?

நாயையும் அழைத்துக்கொண்டு கடலோரத்தில் ஒரு வாரம் தங்கிவர முடிவுசெய்துவிட்டால், வாடகைக்குக் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே, கடலைப் பார்த்த திறந்த திண்ணையோடு நிற்கும் மரக்குடில் முதல் வகை. அதே உயரத்தில், ஆனால் விளிம்பிலிருந்து சில நிமிட நடைதூரம் உள்ளே தள்ளி, வேலியடைத்த முற்றத்தோடு இருக்கும் குடில் இரண்டாவது வகை. பாறைக்குக் கீழே, வாசற்படி இறங்கியதுமே மணலில் கால்படும் கடல்மட்ட வீடு மூன்றாவது வகை. எங்கள் மணிக்கு இப்போது ஒன்பது வயது; 18 கிலோ எடையுள்ள கலப்பின நாய்; பறவையைக் கண்டால் மட்டும் தன்னை மறந்துவிடுவான். இந்த மூன்று வகை இடங்களிலும் அவனோடு தங்கியிருக்கிறோம். அதனால், முதல்முறையாக நாயோடு கடலோரம் போக எண்ணுபவர்கள் எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவது என்ற நான்காவது வழியும் உண்டு. பயணத்தில் வாந்தியெடுக்கும் நாய்க்கும், புது இடத்தில் இரண்டு நாள் உணவைத் தொடாத நாய்க்கும் அதுவே நல்லது. அந்த வழியைத் தேர்ந்தவர்கள் எந்தக் குடிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இந்தக் கட்டுரை அவர்களுக்கானது அல்ல.

முதலில் விளிம்புக் குடில். வாடகை விளம்பரங்களில் கண்ணைப் பறிப்பது இதுதான். படுக்கையில் படுத்தபடியே அடிவானம் தெரியும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே அலை உடைவது கேட்கும். நாய் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாய் உடன் வரும்போது கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. காரணம், நாம் பார்க்கும் விளிம்பை நாய் பார்ப்பதில்லை.

இதை நான் முட்டிபோட்டு உட்கார்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்தக் குடிலில் விழித்த முதல் காலை, மணியின் கண் இருக்கும் உயரத்துக்கு என் முகத்தைத் தாழ்த்திக் கடல் பக்கம் பார்த்தேன். நின்றபோது தெளிவாகத் தெரிந்த விளிம்பு காணாமல் போயிருந்தது. புல் நேராகக் கடலோடு போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது. அந்தப் புல்லின் கடைசி நுனிக்கு மேலே ஒரு கடற்காகம் சிறகை அசைக்காமல் நின்றது. கடலிலிருந்து வரும் காற்று பாறைச் சுவரில் மோதி மேலெழும்போது, கடற்காகங்கள் அந்த எழுகாற்றில் ஏறி விளிம்புக்குச் சற்று அப்பால் அப்படியே மிதக்கும். நமக்கு அது பாதாளத்தின் மேல் பறக்கும் பறவை. நாய்க்கோ, பத்தடி தூரத்தில் புல்தரைக்குச் சற்று மேலே, ஒரே பாய்ச்சலில் எட்டிவிடக்கூடிய பறவை. நாயின் கண் நுட்பமான உருவங்களைப் பிரித்தறிவதில் மனிதக் கண்ணைவிடப் பின்தங்கியது. அசையும் பொருளைப் பிடிப்பதில் முந்தியது. அதனால் பறவை உடனே கண்ணில் படும், தரை முடியும் இடம் தெரியாது. நாயைப் பிடிக்கும் வாரான லீஷ் என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவன் பாய்ந்தபோது தோள்மூட்டு வரை அதிர்ந்தது; மறுகையில் இருந்த குவளை புல்லில் உருண்டது. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் திண்ணைக் கதவை நாங்கள் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம்கூடத் திறந்து வைக்கவில்லை.

தூரத்தை நேரமாக மாற்றிப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கதவிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர் என்றால் நமக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுப்பதற்குள் அது தீர்ந்துவிடும். பாறை உச்சியில் காற்று நெருங்கி வேகமெடுப்பதால் கூப்பிடும் குரலும் அங்கே பாதியில் கரைந்துபோகும். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு சொல்லுக்குத் திரும்பி வரும் நாய் இங்கேயும் வரும் என்று நம்பி லீஷைக் கழற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. ஒருவேளை நாய் விழுந்தோ சரிந்தோ பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால், அதைத் தேடித் தாமே இறங்கக் கூடாது. மீட்புப் படையைத்தான் அழைக்க வேண்டும். நாய் எப்படியோ மேலே ஏறி வந்துவிட, அதைத் தேடி இறங்கியவர் நடுவில் மாட்டிக்கொள்வது நடக்கக்கூடியதே.

விளிம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நேற்று இருந்த இடத்திலேயே நாளையும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கீழே அலை பாறையின் அடியை அரிக்கிறது. மேலே மழைநீர் விரிசல்களில் இறங்கி மண்ணைக் கனக்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் முழுத் துண்டாகச் சரியும். கருங்கல், எரிமலைப் பாறை போன்ற கடினப் பாறைகளில் இது மிக மெதுவாக நடக்கும். சுண்ணப்பாறை, மணற்கல், களிமண் ஆகியவற்றில் எதிர்பாராமல் பெரிதாக நடக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் 162 மீட்டர் உயரம் வரை எழும் பீச்சி ஹெட் சுண்ணப்பாறையில் 1999 ஜனவரியில் ஒரு பெரும் பகுதி அப்படியே இடிந்து கடலில் விழுந்தது. குடிலை முன்பதிவு செய்யும் முன் அது எந்த வகைப் பாறைமேல் நிற்கிறது என்று கேட்பது மிகையான எச்சரிக்கை அன்று. போய்ச் சேர்ந்ததும் விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புல் விளிம்பைத் தாண்டித் தொங்கினால் அதற்கடியில் மண் இல்லை என்றே கொள்ள வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் விளிம்புப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இரவில் வேறொரு தொல்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் கொண்ட கீச்சொலியோடு நின்றுவிடும். நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மரச்சட்ட இடுக்குகளில் காற்று விசிலடிக்கும் குடிலில் நாம் தூங்கிவிடுவோம், நாய் தூங்காது. மணி இரண்டு இரவுகள் கதவடியில் மூக்கை வைத்து விழித்தே கிடந்தான். காற்றில் அறைந்து சாத்தும் கதவில் வாலோ பாதமோ நசுங்கும் அபாயமும் உண்டு. கதவுக்கு முட்டுக்கட்டை இல்லாத குடிலில் ஒரு கனமான கல்லையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உள்தள்ளிய குடில். விளம்பரப் படத்தில் இதற்குக் கவர்ச்சி குறைவு. சன்னலில் கடல் ஒரு நீலக் கோடாகத்தான் தெரியும், சில குடில்களில் அதுவும் தெரியாது. ஆனால் நாயோடு தங்கும் ஒரு நாளில் நாம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்கிட்டால் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் கதவைத் திறப்பதும், நாயை வெளியே விடுவதும், உள்ளே அழைப்பதும், துடைப்பதும்தான். அந்த நேரத்துக்குத் தேவைப்படுவது காட்சி அன்று, நல்ல வேலி. விளிம்புக்கு நாமாக விரும்பும்போது, லீஷைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு நடந்து போகிறோம். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்கும் அதிகாலையில் விளிம்பு நம் வாசலில் இருப்பதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

வேலி என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாங்கள் இரண்டாம் முறை போன இடத்தின் விளம்பரத்தில் ‘முற்றிலும் வேலியடைத்த முற்றம்’ என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மூன்று பக்கம் பலகை வேலி, கடல் பக்கத்தில் மட்டும் மாடுகளைத் தடுப்பதற்காக மரக்கால்களுக்கு இடையே கட்டிய இரண்டு வரிசைக் கம்பி. உரிமையாளருக்கு அது வேலிதான். 18 கிலோ நாய்க்கு அது திறந்த வாசல். கம்பிக்கடியில் அவன் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் முற்றத்திலும் பத்து மீட்டர் நீளக் கயிற்றில்தான் இருந்தான். அதனால் இப்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு. உயரம் எவ்வளவு? கம்பிவலையின் கண் எவ்வளவு அகலம்? அடிப்பக்கம் மண்ணைத் தொடுகிறதா, தோண்டினால் வெளியேற முடியுமா? வாயிற்கதவின் தாழ்ப்பாள் காற்றில் தானாகத் திறந்துகொள்ளுமா? 1.2 மீட்டர் உயரம் பெரும்பாலான சிறு நாய்களை நிறுத்தும். தாண்டும் பழக்கமுள்ள நாய்க்கு 1.8 மீட்டராவது வேண்டும். பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே நாயை லீஷில் பிடித்துக்கொண்டு வேலி நெடுக ஒரு சுற்று நடந்துவிட வேண்டும். ஓட்டை இருந்தால் நம்மைவிட முன்னதாக அதுவே கண்டுபிடித்து மூக்கை நுழைக்கும்.

இந்த வகைக் குடிலுக்கும் குறைகள் உண்டு. பாறை உச்சிப் புல்வெளிகளில் ஆடுமாடுகள் மேய்வதுண்டு. தரையில் கூடுகட்டும் பறவைகள் அடைகாக்கும் பருவத்தில் ஒரு நாய் ஒருமுறை துரத்தினால்கூடத் தாய்ப்பறவை முட்டையைக் கைவிட்டுவிடலாம். ஆகவே வேலிக்கு வெளியே லீஷ் இல்லாமல் ஓடவிடலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும். இரவு தூங்கும் முன் காதுமடலின் உட்பக்கம், விரலிடுக்கு, முன்னங்கால் அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடிப்புறம் ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதோ நெருப்பு காட்டுவதோ கூடாது. உண்ணிக்கடியால் வரும் லைம் நோயின் கிருமி பரவ, உண்ணி பெரும்பாலும் ஒரு நாளாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்று எடுத்துவிடுவதில் பெரும் பயன் இருக்கிறது.

மேலே தங்கும் இரண்டு வகைக் குடில்களிலும் கடலைத் தொட வேண்டுமானால் கீழே இறங்கியாக வேண்டும். எத்தனை படிகள் என்பதோடு, அவை எதனால் ஆனவை என்பதையும் கேளுங்கள். ஒரு இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி இரும்புச் சட்டத்தில் துளைத்தட்டுப் படிகள் அமைத்திருந்தார்கள்; காற்றும் உப்புநீரும் வழிந்தோட அது நல்ல ஏற்பாடுதான். மணி முதல் தட்டில் ஒரு காலை வைத்தான். விரல்கள் விரிந்தன, ஒரு நகம் துளைக்குள் இறங்கியது. குனிந்து பார்த்தான், துளைகள் வழியே வெகு கீழே நுரை நகர்ந்துகொண்டிருந்தது. காலை மெல்ல எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் அவனை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன், ஏறினேன். 18 கிலோ என்பதால் முடிந்தது. 35 கிலோ நாயை வளர்ப்பவருக்கு அது கடற்கரையே இல்லாத கடலோர விடுமுறையாகியிருக்கும்.

கடல்மட்ட வீடு இந்தச் சிக்கலையெல்லாம் ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறது. விழுவதற்கு இடமில்லை, படியில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்த கிழ நாய்க்கும், பார்வை மங்கிய நாய்க்கும், காது கேளாத நாய்க்கும் நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஈர மணலில் நடப்பது முதிய மூட்டுக்கு இதம். காலை ஐந்து மணிக்கு வெளியே போக வேண்டுமென்றாலும் பத்தடியில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இங்கே கடலே ஓயாமல் கவனிக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலையில் எறிந்த பந்தை எடுத்துவரும் நாய் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் நீரை விழுங்குகிறது. தாகம் எடுத்தால் வேண்டுமென்றே குடிக்கவும் செய்யும். சிறிதளவு உள்ளே போனால் வயிற்றுப்போக்கு. அளவு கூடினால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். வெளியே போகும்போது நல்ல தண்ணீரும் கிண்ணமும் கையில் இருக்க வேண்டும். விளையாட்டை அடிக்கடி நிறுத்திக் குடிக்க வைக்க வேண்டும். பந்தோடு சேர்ந்து மணலும் வயிற்றுக்குள் போகும். அதிகம் சேர்ந்தால் குடலை அடைத்துவிடும். கரையில் ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்த பிறகும் கொட்டும். தூண்டில் முள்ளோடு கிடக்கும் மீன்தலை இன்னும் கொடியது. வெயில் ஏறிய மணலில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே படக் கூடாது.

பாறைக்குக் கீழே தங்குவதால் பாறையின் ஆபத்து விலகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. மேலே விளிம்பு சரிந்தால் கல் விழுவது இங்கேதான். பாறையடியில் நிழல் கிடைக்கிறது என்று துண்டை விரித்து உட்காருவது பெரும்பிழை. பெரும்பாலான கடற்கரைகளில் கடல்நீர் மிக ஏறி நிற்கும் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகும்; ஆகவே நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று மாலை நான்கு மணிக்குப் பாதுகாப்பாக நடந்து திரும்பிய பாறை முனையில் இரண்டு மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் நீர் வந்து வழியை மறித்திருக்கலாம். அந்தக் கரைக்கான ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே முனையைச் சுற்றி நடக்க வேண்டும். இன்னொரு செய்தி பலருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது: கோடைப் பருவத்தில் நாய்களை அனுமதிக்காத கடற்கரைகள் பல உண்டு. வாசலிலேயே மணல் இருந்தும் பகல் முழுவதும் அதில் நாயை இறக்க முடியாது என்றால், இந்த வகை வீட்டைத் தேர்ந்தெடுத்த காரணமே அடிபட்டுப்போகும்.

மூன்று வகைக்கும் பொதுவான சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்பதற்கும் நாயை நினைத்தே கட்டிய வீடு என்பதற்கும் இடைவெளி பெரிது. வெளிக்குழாய், வழுக்காத தரை, ஈரத்தைத் துடைக்க ஓர் இடைகழி ஆகிய மூன்றும் இருந்தால் அது நாயை நினைத்தே கட்டிய வீடு. நாயைத் தனியே விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அது நியாயமானதே, புது வீட்டில் தனித்துவிடப்பட்ட நாய் குரைத்துக் குரைத்துச் சோர்ந்துபோகும். ஆனால் அந்த ஒரு வரி உங்கள் நாள் திட்டம் முழுவதையும் மாற்றிவிடும் என்பதால் முன்பே படித்துவிடுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் இரவு நேர எண்ணையும், குடிலில் செல்பேசிச் சமிக்ஞை கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணோடு பதிந்துள்ள தொலைபேசி எண் இன்னும் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். லீஷைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னெஸ்ஸில் மாட்டுங்கள். பறவையைக் கண்டு பின்வாங்கித் துள்ளும் நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு உள்தள்ளிய குடில். ஓடியாடும் வயதிலுள்ள, எதையாவது துரத்தும் இயல்புள்ள நாய்க்கு அது ஒன்றே தகும். முதிய நாய்க்குக் கடல்மட்ட வீடு, அதுவும் அந்தப் பருவத்தில் அந்தக் கரையில் நாய்க்கு அனுமதி உண்டு என்று உறுதியான பிறகு. விளிம்புக் குடிலை, கடினப் பாறைமேல் நிற்பதாகவும் திண்ணையைச் சுற்றி நாயின் தலை நுழையாத தடுப்பு உள்ளதாகவும் அமைந்து, நாயும் ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கும் சுபாவமுள்ளதாக இருந்தால் மட்டுமே எடுப்பேன். அப்படி ஒரு நாய் எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த விடுமுறைக்காக இரண்டு உள்தள்ளிய குடில்களின் உரிமையாளர்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன்: கடல் பக்கத்து வேலியை மட்டும் படமெடுத்து அனுப்ப முடியுமா? ஒருவர், வேலி நன்றாகவே இருக்கிறது, கவலை வேண்டாம் என்று பதில் எழுதினார். மற்றவர் அளவுநாடாவை வேலிக்காலோடு சேர்த்துப் பிடித்து மூன்று படங்கள் எடுத்து அனுப்பியிருந்தார். கம்பிவலையின் அடி ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியிருந்தது, மூன்றாவது படத்தின் ஓரத்தில் அவருடைய நாயின் வால் தெரிந்தது. அன்று மாலையே அவருக்கு முன்பணம் அனுப்பிவிட்டோம்.